சொந்த ஊர் ஏரியைப் படம் எடுப்பது எப்படி? வீராணத்தை வைத்து ஒரு வழிகாட்டி

பொங்கலுக்கோ குலதெய்வக் கோயில் படையலுக்கோ ஊருக்குப் போகும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி நாலு படம் எடுத்துவிட்டுக் கிளம்புவது நம்மில் பலருக்கு வழக்கம். பார்க்க அழகாகத்தான் இருக்கும்: சூரியன், தண்ணீர், ஒரு கொக்கு. ஆனால் அந்தப் படத்தை அந்த வழியாகப் போகிற யாரும் எடுக்கலாம். உங்கள் தாத்தா தண்ணீர் வாங்கிப் பயிர் வைத்த ஏரி, உங்கள் அம்மா பள்ளிக்கூடம் விட்டு நடந்து வந்த கரை என்பதற்கு அதில் ஒரு அடையாளமும் இருக்காது.

அந்த அடையாளத்தோடு ஒரு படம் எடுக்க நினைக்கிற, கேமராவுக்குப் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்குக் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியை எடுத்துக்கொள்கிறேன். என் அம்மா வழிச் சொந்தங்களின் நிலம் அதன் பாசனத்தில் இருப்பதால் அந்தக் கரை எனக்குப் பழக்கம். உங்களுக்கு அது மதுராந்தகமாக இருக்கலாம், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயாக இருக்கலாம். முறை ஒன்றுதான்: உங்கள் வீட்டு மனிதர்கள் அந்த ஏரியில் எங்கே நின்றார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். கேமராவை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். வெளிச்சம், லென்ஸ், சட்டகம் எல்லாம் அதற்குப் பிறகு வருகிற வேலை.

முதல் வேலை வீட்டில்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பெரியவர்களிடம் பேசுங்கள். "ஏரியைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால் "அது பெரிய ஏரிப்பா, கடல் மாதிரி இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கேள்வி சின்னதாக, ஒரு இடத்தைத் தொடுவதாக இருக்க வேண்டும். நம்ம வயலுக்குத் தண்ணி எந்த மதகிலிருந்து வந்தது? அங்கிருந்து எந்த வாய்க்கால்? நம்ம நிலம் தலைமடையா, கடைமடையா? மாடு எங்கே குளிப்பாட்டுவீங்க? வீட்டிலிருந்து கரைக்கு எந்தப் பாதையில ஏறுவீங்க? ஏரி உடையப்போகுதுன்னு பயந்து ராத்திரி கரையில் கண்விழித்தது எந்த வருஷம், எந்த இடத்தில்?

என் மாமாவிடம் இப்படிக் கேட்டபோது வந்த பதில்: "ரோட்டுல போனா தெரியாது. அரச மரம் தாண்டி எறங்கணும். எறங்கின எடத்துல வாய்க்கா ரெண்டாப் பிரியும். இடது கை வாய்க்கா நம்மது." ஒரு படத்துக்குத் தேவையான அத்தனையும் இதில் இருக்கிறது. எங்கே நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது, எது சட்டகத்துக்குள் வர வேண்டும் என்று எல்லாமே சொல்லிவிட்டார்.

இந்தப் பேச்சைப் போனில் பதிவு செய்துவிடுங்கள். பிறகு செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சொன்ன இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கும் வரைபடம் வயதானவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. முதலில் கோயிலையோ பள்ளிவாசலையோ பஸ் நிறுத்தத்தையோ காட்டிவிட்டு, அங்கிருந்து நடக்கிற மாதிரி விரலை நகர்த்தினால் பிடித்துக்கொள்வார்கள். பழைய போட்டோ ஏதாவது இருந்தால் அதையும் அன்றே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

ஏரி எப்படி வேலை செய்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் எடுக்கிற படத்தில் ஏரி வெறும் தண்ணீர்ப் பரப்பாகத்தான் தெரியும். வீராணம் முதலாம் பராந்தக சோழர் காலத்தது (907–955). அவருடைய மகன் இராசாதித்தர் வெட்டுவித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய ஏரி இன்னும் பயிருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஏரி ஏறக்குறைய தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது. கிழக்குப் பக்கம் உயரமான கரை. அதன் மேலேயே சேத்தியாத்தோப்புக்கும் காட்டுமன்னார்கோவிலுக்கும் இடையே பஸ் ஓடுகிற சாலை, வழியில் லால்பேட்டை. மேற்குப் பக்கம் நிலம் மெல்ல மேடாகிக்கொண்டே போகும். மேட்டூர்த் தண்ணீர் கொள்ளிடத்தில் வந்து கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக ஏரிக்குள் வருகிறது. மழைக்காலத்தில் அரியலூர் மாவட்டத்து மேட்டு நிலத்திலிருந்து செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை போன்றவை வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும். கிழக்குக் கரை மதகுகள் வழியே தண்ணீர் வயலுக்கு இறங்கும். மிஞ்சியது வெள்ளியங்கால் ஓடையிலும், சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றிலும் போய்ச் சேரும். 2004 முதல் சென்னைக்கும் குடிதண்ணீர் இங்கிருந்து போகிறது.

படம் எடுப்பவருக்கு இதில் இரண்டு செய்தி இருக்கின்றன. ஒன்று, கரையில் நின்றால் மேற்கே தண்ணீர், கிழக்கே அதைவிடத் தாழ்வாக வயல். ஏரிக்கும் குடும்பத்துக்கும் உள்ள உறவு முழுக்க அந்த உயர வித்தியாசத்தில்தான் இருக்கிறது. இரண்டு, இது ஆழம் குறைந்த ஏரி. செய்தித்தாளில் வரும் "முழுக் கொள்ளளவு 47.50 அடி" என்பது கடல்மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். அதை ஆழம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. கொள்ளளவான 1.465 டி.எம்.சி.யை இவ்வளவு பெரிய பரப்பில் பரப்பினால் சராசரி ஆழம் ஒரு ஆள் உயரம்கூட வராது. அதனால் கொஞ்சம் காற்றடித்தாலும் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகும். ஆழமான மலை ஏரிகளின் நீலத்தை இங்கே எதிர்பார்த்து, எடிட்டிங்கில் நீலத்தைக் கூட்டாதீர்கள். ஊரில் இருப்பவர்கள் பார்த்தவுடன் "இது நம்ம ஏரியா?" என்று கேட்பார்கள். அந்தப் பழுப்பும் சாம்பலும்தான் அதன் நிறம்.

எந்த மாதம் போவது

உங்களுக்கு எந்த நினைவு வேண்டுமோ அந்த மாதம். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஏரி ஏறும். ஆடியில் மேற்குக் காற்று பலமாக இருக்கும். கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் அகலத்தைக் கடந்து வருகிற அலை கிழக்குக் கரைக் கற்களில் மோதித் தெறிக்கும். அசைவுள்ள படம் வேண்டுமென்றால் இதுதான் நேரம். லென்ஸைத் துடைக்க ஒரு துணி கையிலேயே இருக்கட்டும்.

சம்பாவுக்குத் தண்ணீர் திறந்த பிறகு, புரட்டாசி ஐப்பசியில் நாற்று பறிப்பதும் நடவும் நடக்கும். கரையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் தண்ணீர் கட்டிய வயல்களில் வானம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேகம் கனமாக நிற்கும். ஏரி நிரம்பி வழிவதும் அப்போதுதான். மார்கழி, தை விடியற்காலையில் காற்று அடங்கிப் பனி படர்ந்திருக்கும். பிரதிபலிப்பு வேண்டுமென்றால் இந்த இரண்டு மாதத்தை விட்டால் வேறு நல்ல காலம் இல்லை. தை, மாசியில் அறுவடை.

வெயில் காலத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். தண்ணீர் வற்றி, வெடித்த களிமண்ணும், நடுவில் கொஞ்சம் குட்டையும், அதில் குவிந்த பறவைகளுமாக இருக்கும் ஏரியையும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். உங்கள் பாட்டன் பூட்டன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற மாதங்கள் அவை. குடும்பக் கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது. நிறைந்த ஏரியை மட்டும் ஆல்பத்தில் வைத்தால் அந்தப் பாதி விட்டுப்போகும்.

எந்த நேரம், எந்தப் பக்கம் பார்த்து

கிழக்குக் கரையில் நிற்கிறீர்கள், ஏரி மேற்கே இருக்கிறது. ஆகவே சூரியன் உங்கள் எதிரே தண்ணீருக்கு மேல் மறையும். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்து ஏரி முழுக்க வெளிச்சம் போடும். நிறங்களும் தூரத்து மரங்களும் துலக்கமாக வேண்டுமென்றால் காலை. உருவங்கள் நிழலுருவாக வேண்டுமென்றால் மாலை. மறைந்தவுடன் போனைப் பைக்குள் போட்டுவிடாதீர்கள். அதன்பின் ஒரு 20 நிமிடம் வானத்தின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும், தண்ணீரும் அதை வாங்கிக்கொள்ளும். நம் ஊரில் இருட்டு சீக்கிரம் கவிந்துவிடுவதால் அந்த நேரத்தை வீணாக்க முடியாது.

தண்ணீருக்கு மேல் சூரிய உதயம் வேண்டுமென்றால் மேற்குக் கரைக் கிராமங்களுக்குப் போக வேண்டும். அந்தப் பக்கம் சேறு அதிகம். ஊர்க்காரர் ஒருவர் கூட வராமல் நீரோரம் இறங்காதீர்கள்.

இன்னொன்று: பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் கிழக்குக் கரைக்கு வந்தால், முதுகுப்பக்கம் வெளுத்துக்கொண்டிருக்கும்போதே எதிரே நிலா ஏரிக்கு மேல் இறங்கும். வெளிச்சம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நிலாவும் தெரியும், ஏரியும் தெரியும். சாதாரண போனிலேயே எடுத்துவிடலாம்.

கருவி

போன் போதும். லென்ஸைத் துடையுங்கள். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுவிடுங்கள், இருப்பிடப் பதிவையும் போட்டுவிடுங்கள். விரலால் பெரிதாக்காதீர்கள். தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் தனி டெலிபோட்டோ லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் நடந்து கிட்டப் போங்கள்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு: முக்காலி, அகலக் காட்சிக்கு 24 மி.மீ. அளவில் ஒரு லென்ஸ், தூரத்துக்கு 100 மி.மீ.க்கு மேல் ஒன்று. லென்ஸ் துளை எஃப்/8, ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100 என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் சரியாக வரும். போலரைசர் வடிகட்டியை இங்கே அளவோடு திருப்புங்கள். அது தண்ணீர் மேல் இருக்கும் பளபளப்பை எடுத்துவிடும். ஆழமில்லாத ஏரியில் பளபளப்பு போனால் அடியில் இருக்கும் சேற்று நிறம்தான் மிஞ்சும். தாமரை, அல்லி படர்ந்த ஓரங்களில் மட்டும் முழுதாகத் திருப்பலாம்.

கரையில் முதல் படம்

வீராணம் போன்ற சமதரை ஏரியில் புதியவர்களைத் தொந்தரவு செய்வது ஒரே விஷயம்: மேலே வானம், கீழே தண்ணீர், நடுவில் மெல்லிய கோடாக எதிர்க்கரை. நேரில் பார்க்கும்போது நெஞ்சை நிறைக்கிற விரிவு, படத்தில் மூன்று பட்டைகளாகச் சுருங்கிவிடும். முன்னால் ஏதாவது ஒன்று இருந்தால்தான் பார்ப்பவருக்கு ஏரியின் அளவு பிடிபடும். கரைச் சரிவின் கருங்கல், கட்டிப் போட்ட படகு, காயப்போட்ட வலை, சாய்ந்த பனை, எதுவானாலும் சரி. அதற்கு நெருக்கமாகப் போய்க் கொஞ்சம் குனிந்து எடுங்கள்.

இப்போது படிப்படியாக. போனை இரண்டு கையாலும் பிடித்து முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொள்ளுங்கள். எதிர்க்கரைக் கோட்டைக் கட்டக் கோட்டோடு பொருத்துங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீர் ஒரு பக்கம் வழிகிற மாதிரி தெரியும். வானத்தில் மேகம் நன்றாக இருந்தால் கோட்டைக் கீழே இறக்குங்கள், தண்ணீரில் ஏதாவது நடந்தால் மேலே ஏற்றுங்கள். சட்டகத்தில் வெளிச்சமான மேகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியச் சின்னத்தைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். இருண்டிருக்கும் பகுதியைப் பிறகு எடிட்டிங்கில் மீட்கலாம், வெளுத்துப்போன வானத்தை மீட்க முடியாது. மூச்சை விட்டுவிட்டுப் பொத்தானைத் தொடுங்கள்.

அதன்பின் அப்படியே திரும்பி வயல் பக்கமும் ஒன்று எடுங்கள். சாலை ஓரமாகக் கரை விளிம்பில் நின்று, கரையை நீளவாக்கில் நடுவில் வைத்து, ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் வயலும் வரும்படி அகலக் கோணத்தில் இன்னொன்று எடுங்கள். மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால் நான் இந்தக் கடைசியைத்தான் சொல்வேன். ஏரி எதற்காக இருக்கிறது என்று அந்த ஒரு படமே காட்டிவிடும்.

உங்கள் மதகு

பாசனக் குடும்பத்துக்காரருக்கு ஏரியில் முகவரி என்றால் அது மதகுதான். சூரிய அஸ்தமனத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் இரண்டு மடங்கை இதற்குக் கொடுங்கள்.

வீட்டில் குறித்து வைத்த மதகைக் கண்டுபிடித்ததும் முதலில் கரைமேலிருந்து பாருங்கள். ஏரிப் பக்கம் மேடை, அதில் மதகுக் கதவான ஷட்டரை ஏற்றி இறக்கும் திருகு, கைப்பிடி. பல வருடங்களாகப் பூசிய கிரீஸ் திருகில் கறுப்பாகப் படிந்திருக்கும், தூண்களில் தண்ணீர் நின்ற மட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கறை கட்டியிருக்கும். சில இடங்களில் கல்லில் வருடமோ எண்ணோ பொறித்திருப்பார்கள். இவற்றைக் கிட்டத்தில் எடுங்கள். பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது எழுத்தும் கறையும் தெளியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. எழுத்து மங்கலாக இருந்தால் கூட வந்தவரை ஒரு பக்கமாக நிற்கச் சொல்லி டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கிழக்கே இறங்குங்கள். தண்ணீர் வெளியே வந்து வாய்க்காலாகிற இடம். தண்ணீர் திறந்திருக்கும் காலமென்றால் நுரைத்துக்கொண்டு வரும். முக்காலி இருந்தால் கேமராவின் ஷட்டரை அரை விநாடி திறந்து வைத்து எடுக்கலாம், தண்ணீர் பஞ்சாக மாறும். எனக்கு அந்த மாதிரி படங்களில் ஈடுபாடு குறைவு. 1/500 விநாடியில் எடுத்தால் தண்ணீரின் வேகமும் கனமும் தெரிகிறது. பயிருக்குப் போகிற தண்ணீர் அப்படித்தான் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டையும் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அங்கிருந்து வாய்க்கால் போகிற வழியே நடந்து, அது பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம். கடைசியில் உங்கள் வயல், அல்லது உங்களுடையதாக இருந்த வயல். நிலம் விற்றுப்போயிருந்தால் இப்போது பயிர் செய்பவரிடம் சொல்லிவிட்டு வரப்பில் இறங்குங்கள். "இன்னார் பேரன், பார்க்க வந்தேன்" என்றால் போதும், பெரும்பாலும் அவரே கூட வந்து காட்டுவார். மதகிலிருந்து வயல் வரையான அந்த வரிசையைச் சேர்த்து அடுக்கினால் தண்ணீர் உங்கள் வீட்டுக்கு வந்த பாதை முழுதாகக் கிடைத்துவிடும்.

மதகு ஷட்டரின் திருகு மேல் ஏறவோ அதைத் தொடவோ கூடாது. அங்கே மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் யாராவது இருந்தால் அவரிடம் பேசுங்கள். எந்த மதகு எந்த ஊருக்குப் பாய்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

குடும்பத்தாரைச் சட்டகத்தில் வைப்பது

ஏரியும் மனிதர்களும் சேர்ந்த படத்தில் இரண்டில் ஒன்றுதான் பெரிதாக இருக்க முடியும். அதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஆயாவின் முகம்தான் முக்கியம் என்றால் கிட்டத்தில் எடுங்கள், ஏரி பின்னால் மங்கலாக இருந்தால் போதும். ஆயா இந்த ஏரிக்கரையில் இருக்கிறார் என்பது முக்கியம் என்றால் தூரம் போங்கள், ஆள் சட்டக உயரத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால்கூட யாரென்று அடையாளம் தெரியும். சேலை கட்டின விதமும் நிற்கிற விதமும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில், ஆளை முழங்காலோடு வெட்டிப் பின்னால் கொஞ்சம் தண்ணீரும் வைத்து எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் முகமும் பாதி, ஏரியும் பாதி.

வயதானவர்களை வெயிலைப் பார்த்து நிற்க வைக்காதீர்கள், கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். காலையில் ஏரி பின்னணியில் வர வேண்டுமென்றால் அவர்கள் கிழக்கே சூரியனைப் பார்த்துத்தான் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே வெயில் ஏறுவதற்கு முன் எடுங்கள், அல்லது கரையோரப் புளியமர நிழலுக்கு அழைத்துப் போங்கள். மாலையில் சூரியன் அவர்களுக்குப் பின்னால் போய்விடும். அப்போது முகத்தின் மேல் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் வெளுக்கும். பரவாயில்லை, அந்தப் படத்தில் முகம்தான் வேண்டும். வெளிர் நிறத் துண்டையோ வேட்டியையோ யாராவது எதிரே விரித்துப் பிடித்தால் அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் விழும்.

ஒரு நாற்காலி கொண்டுபோங்கள். கரைச் சரிவில் முழங்கால் வலியோடு நிற்பவர் முகத்தில் வேறெதுவும் வராது. உட்கார வைத்துவிட்டு, "சிரிங்க" என்று சொல்லாமல், "எந்தப் பக்கம் ஏறி வருவீங்க?" என்று கேளுங்கள். கை நீட்டிக் காட்டுவார்கள். அந்தக் கை நீளும் நேரத்தில் எடுங்கள். தொடர்ந்து பேசவிட்டு, பேச்சு நடுவில் அவர் தண்ணீரைப் பார்க்கும்போது இன்னொன்று. குழந்தைகள் இருந்தால் அவர் காட்டுகிற திசையைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்கட்டும், கேமராவைப் பார்க்கச் சொல்ல வேண்டாம்.

பழைய படம் எடுத்த இடத்திலேயே புதிய படம்

வீட்டில் கரையோரம் எடுத்த பழைய படம் ஒன்று இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். முதலில் அதை ஜன்னலோரம், நேர் வெயில் படாமல், சமதரையில் வைத்து ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையோ தேதியோ இருக்கலாம்.

படம் எந்தக் காலத்தது என்று படத்திலேயே துப்புகள் இருக்கும். சதுரமான கறுப்பு வெள்ளைப் படமென்றால் அக்ஃபா கிளிக் III போன்ற 120 பிலிம் கேமராவில் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அது இந்தியாவிலேயே தயாரான மலிவான கேமரா, பல வீடுகளில் இருந்தது. சாலையோரம் ராட்சதக் குழாய்கள் கிடப்பது தெரிந்தால் அது சென்னைக்காகத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன பழைய வீராணம் குடிநீர்த் திட்டத்தின் காலமோ அதற்குப் பிறகோ. பல வருடங்கள் அந்தக் குழாய்கள் அப்படியே கிடந்தன, அதற்குள் குடும்பம் நடத்தியவர்களும் உண்டு.

நேரத்தை நிழல் சொல்லும். ஏரியைப் பார்த்து எடுத்த படத்தில் நிழல் கேமராவை நோக்கி விழுந்திருந்தால் பிற்பகல், தண்ணீரை நோக்கி விழுந்திருந்தால் காலை. நிழலின் நீளம் ஆள் உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் பாதி உயரத்தில் இருந்திருக்கிறது.

இனி இடம். படத்தில் பக்கத்தில் ஒரு பொருளும் தூரத்தில் ஒரு பொருளும் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக மதகுத் தூணின் விளிம்பும் அதற்குப் பின்னால் தெரிகிற கோபுரமோ மினாரோ. நேரில் போய் இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். அதிகமாக இருந்தால் ஒரு பக்கம் நகருங்கள், குறைந்தால் மறுபக்கம். பழைய படத்தில் இருக்கிற அதே இடைவெளி வந்ததும் பக்கவாட்டு இடம் முடிவாகிவிட்டது. அடுத்து முன்னும் பின்னும் நகர்ந்து இரண்டின் அளவு விகிதத்தைச் சரிசெய்யுங்கள். மரங்களை நம்பாதீர்கள், வளரும், விழும். கல்லையும் கட்டடத்தையும் நம்புங்கள்.

உயரத்துக்கு ஒரு வழி உண்டு. தொடுவானக் கோடு ஏறக்குறைய கேமரா இருந்த உயரத்தில்தான் மனிதர்களை வெட்டிப் போகும். பழைய படத்தில் எதிர்க்கரைக் கோடு நிற்பவர்களின் நெஞ்சு மட்டத்தில் போனால், அதே தரையில் நின்றவர் கேமராவை நெஞ்சருகே வைத்து எடுத்திருக்கிறார். கண் மட்டத்தில் போனால் கண்ணருகே. நீங்களும் போனை அந்த உயரத்துக்கு இறக்குங்கள். இது சின்ன வேலை, ஆனால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைக்கும்போது ஒட்டுவது இதனால்தான்.

கடைசியாகக் கோணம். அந்தச் சதுரப்படக் கேமராவின் பார்வை போனின் 1x-ஐவிடக் குறுகலானது, சுமார் 1.5x வைத்தால் நெருங்கி வரும். இதற்கு மட்டும் விரலால் பெரிதாக்கலாம். சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

பழைய படத்தில் இருந்தவர்களில் இன்றைக்கு இருப்பவர்களை அதே இடத்தில் நிறுத்துங்கள். இல்லாதவர்களின் இடத்தில் வேறு யாரையும் நிறுத்தாமல் அப்படியே காலியாக விடுங்கள் என்பது என் யோசனை. பேரக்குழந்தைகளை அங்கே நிரப்பி இன்னொரு படமும் எடுக்கலாம், ஆனால் காலியிடம் உள்ளதை முதலில் எடுங்கள். வீட்டில் சிலருக்கு அது தாங்காது. எடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

கரைச்சாலையில் பஸ்ஸும் லாரியும் வேகமாக வரும். வ்யூஃபைண்டரைப் பார்த்தபடி பின்னால் நகரவே கூடாது, ஒருவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். தண்ணீர் வழிகிற இடங்களில் பாசி, கால் வழுக்கும். கார்த்திகை மழையில் இடி கேட்டால் கரையில் நிற்காதீர்கள், சுற்றிலும் உங்களைவிட உயரமாக எதுவும் இருக்காது.

குளிக்கும் துறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். மீன் பிடிப்பவர்களை எடுப்பதற்கு முன் கேளுங்கள், எடுத்ததை அவர்களுக்கு அனுப்புங்கள். ட்ரோன் பறக்கவிட நினைத்தால் குடிநீர் ஏரி என்பதால் நீர்வளத்துறை அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் அந்த அலுவலகத்தைப் பி.டபிள்யூ.டி. என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்று இரவே ஒவ்வொரு படத்துக்கும் பெயர் மாற்றுங்கள். "ஐ.எம்.ஜி." என்று தொடங்கும் எண்ணை எடுத்துவிட்டு மதகின் பெயர், வாய்க்கால் பெயர், ஆள் பெயர், தேதி. பெரியவர்கள் பேசிய ஒலிப்பதிவையும் அதே ஃபோல்டரில் போடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும்போது படத்தை ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது.

அப்புறம் நல்லதாக ஐந்தாறு தேர்ந்தெடுத்து ஸ்டுடியோவில் அச்சுப் போடுங்கள். 8-க்கு 12 அங்குலம் சுவருக்கு நன்றாக இருக்கும். வயதானவர்கள் கையில் வைத்துப் பார்க்க 6-க்கு 8 வசதி. பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும், மென்மையான பென்சிலோ போட்டோவுக்கான மார்க்கரோ வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் மாமா வீட்டுக்கு ஒரு செட், வயலை இப்போது பயிர் செய்பவருக்கு அவர் வயல் படம் ஒன்று, லஸ்கருக்கு மதகுப் படம் ஒன்று. தபாலில் அனுப்புவதாக இருந்தால் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஒட்டி அனுப்புங்கள்.